மேசை இழுப்பறையில் ஒரு விண்ணப்பம்



நம் பள்ளிவாசலின் மோதினார் ஒரு முஹர்ரம் மாதத்தில், சுபுஹுக்கு முந்தைய வேளையில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஓசூரின் குளிரிலும் மழையிலும் பதினெட்டு ஆண்டுகள் அவருடைய பாங்கொலி கேட்டே நம் மஹல்லா கண்விழித்தது. சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போகும் இளைஞர்கள் கம்பெனிப் பேருந்துக்காகத் தெருமுனையில் நிற்கும் நேரமும் அதுதான். தொழாதவருக்கும் அவருடைய குரல்தான் கடிகாரம்.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்த ஐந்தாம் நாள், அவருடைய மூத்த மகன் மதரஸாவுக்கு வந்தான். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: “ஹஜ்ரத், வாரியத்தில் சேர அத்தா உங்களிடம் காகிதங்கள் கொடுத்திருந்ததாக அம்மா சொல்கிறார். அந்த அட்டை வந்துவிட்டதா?”

நாம் உடனே விடை சொல்லவில்லை. மேசையின் இழுப்பறையைத் திறந்தோம். நோன்புக் கஞ்சி அரிசிக்கான பழைய விண்ணப்ப நகல்களுக்கு அடியில் அது கிடந்தது. உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் விண்ணப்பம். பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் நம் கையெழுத்திலேயே பாதிவரை நிரப்பப்பட்டிருந்தது. குடும்ப அட்டை நகலும் இரண்டு புகைப்படங்களும் குண்டூசியில் கோத்திருந்தன. குண்டூசி துருவேறி, புகைப்படத்தின் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தது. இல்லாதிருந்தவை நிர்வாகத்தின் பணிச் சான்றும் முத்தவல்லியின் கையொப்பமும் மட்டுமே. அவற்றை வாங்கித் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தவர் நாம்தான்.

அவர் அந்தக் காகிதங்களைத் தந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. “ரமளான் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்றோம். ரமளான் முடிந்தது. ஒருமுறை நினைவூட்டினார், மீலாது நிகழ்ச்சி முடியட்டும் என்றோம். இன்னொருமுறை கேட்டபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். அதன்பின் அவர் கேட்கவேயில்லை. கேட்காததையே வசதியாக எடுத்துக்கொண்டு நாம் மறந்தோம்.

“நீங்களே கிருஷ்ணகிரிக்குப் போய்க் கொடுத்துவிடுங்களேன், பாய்” என்று அவரிடம் ஒருநாள் சொன்னதும் நினைவிருக்கிறது. இப்போது எண்ணும்போது அந்தச் சொல்லே நம்மைக் குத்துகிறது. ஓசூரிலிருந்து மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அலுவலகம் திறப்பது காலை பத்து மணிக்கு. வரிசையில் நின்று, அலுவலரைப் பார்த்து, பேருந்து பிடித்துத் திரும்பி லுஹர் பாங்குக்குள் வந்துசேர வேண்டும். ஐவேளையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய மனிதருக்கு அது இயலாத பயணம். அவருக்காக ஒருநாள் பாங்கு சொல்ல நாம் முன்வந்திருந்தால் போதும், அவர் போய் வந்திருப்பார். அதுவும் நமக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்வதானால், மறதியோடு இன்னொன்றும் கலந்திருந்தது. மார்க்கப் பணி செய்பவன் அரசு அலுவலக வாசலில் போய் நிற்பதா என்ற எண்ணம் நம் உள்ளத்தில் இருந்தது. அதைத் தவக்குல் என்றே நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். நம் மேசைக்குள்ளேயே ஓர் ஒட்டகம் மூன்றாண்டுகள் கட்டப்படாமல் கிடந்தது.

பெயரைப் பதிவேட்டில் எழுதுவது மார்க்கத்துக்குப் புறம்பானதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘தீவான்’ என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, மக்களின் பெயர்களை எழுதச் செய்து, பொது நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கியதை வரலாறு கூறுகிறது. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே உதவித்தொகை என்ற விதி அப்போது இருந்தது. ஓர் இரவு நகரைச் சுற்றி வருகையில், அந்த உதவித்தொகையை முன்கூட்டியே பெறுவதற்காக ஒரு தாய் தன் குழந்தையைப் பாலை மறக்கச் செய்ய முயல்வதையும் அது அழுவதையும் அவர்கள் கண்டார்கள். தம் விதி ஒரு குழந்தையை அழச் செய்ததை எண்ணி வருந்தி, பிறந்த நாள் முதலே உதவித்தொகை என்று மாற்றினார்கள். அந்தத் தாய் பிச்சை கேட்கவில்லை. தன் குழந்தையின் பெயர் ஏட்டில் ஏற வேண்டும் என்றே விரும்பினாள். மோதினார் கேட்டதும் அதைத்தான்.

நாம் தவறவிட்ட வாரியத்தைப் பற்றி நம்மில் பலர் இன்னும் அறியாததால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தமிழக அரசு இதை 2009ஆம் ஆண்டில் அமைத்தது. ஆலிம்களுக்கு மட்டும் உரியதன்று. இமாம்கள், மோதினார்கள், அரபி ஆசிரியர்கள், மதரஸா, தர்கா, கபர்ஸ்தான், யதீம்கானா போன்றவற்றில் பணிபுரிவோர் அனைவருக்கும் உரியது. 18 வயது நிறைந்து 60 வயதைக் கடக்காதவர்கள் பதிவு செய்யலாம். விபத்து மரணம், இயற்கை மரணம், ஈமச்சடங்கு, பிள்ளைகளின் கல்வி, திருமணம், முதுமை ஆகியவற்றுக்கு உதவித்தொகைகள் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். வக்ஃபு வாரியத்தின் வழியாக வழங்கப்படும் உலமா ஓய்வூதியம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ‘எனக்கு இன்னும் வயதாகவில்லை’ என்று ஒதுங்கிவிடுவோர் பலர்.

இந்த உதவித்தொகைகள் பெரியவை அல்ல. ஒரு குடும்பத்தை அவை காலமெல்லாம் தாங்கிவிடா. ஆனால் குடும்பத் தலைவரை இழந்த முதல் மாதத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டு வாசலில் நின்றவர்கள் அறிவார்கள்.

அன்று அஸருக்குப் பின் அந்த வீட்டுக்குப் போனோம். அவர் இத்தாவில் இருந்தார். திரைக்கு இப்பால் நின்று, அந்தக் காகிதம் நம் மேசையிலேயே கிடந்ததையும், தவறு முழுவதும் நம்முடையதே என்பதையும் சொன்னோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர் சொன்னார்: “அவருக்கு எழுதியது அவ்வளவுதான் ஹஜ்ரத். கபர்ஸ்தானில் குழி வெட்டுகிறவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவர் பெயரையாவது எழுதிவிடுங்கள்.”

அவர் கோபப்பட்டிருந்தால் நமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அந்த வார்த்தையோடுதான் அன்றிரவு வீடு திரும்பினோம்.

மறுநாளே மகனை அழைத்துக்கொண்டு மாநகராட்சியில் இறப்பைப் பதிவு செய்தோம். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். ‘இத்தா முடியட்டும்’ என்று நாலு மாதம் பத்து நாள் காத்திருந்து பின் அலைகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இத்தா மனைவிக்குரிய கடமை; பதிவு வீட்டார் யாரும் செய்யலாம். ஓராண்டு கடந்துவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்றில்லை. வாரிசுச் சான்றில்லாமல் அதன்பின் எதுவும் நகராது.

இ-சேவை மையத்தில் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்துக்கு, ஒரு தையல் இயந்திரம் கேட்டு மனு எழுதினோம். இச்சங்கத்துக்கு நாம் திரட்டித் தரும் நன்கொடைக்கு ஈடாக அரசும் இணை மானியம் வழங்குகிறது. ஜகாத் கணக்குப் பார்க்கும் செல்வந்தர்கள் தங்கள் ஸதகாவில் இதையும் நினைவில் கொள்ளலாம். ஓய்வூதியம் விசாரணைக்குப் பின் வந்தது. தையல் இயந்திரம் இதை எழுதும் நாள்வரை வரவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா கூடத்தில் ஒரு மேசை போட்டு, மஹல்லாவின் கல்லூரிப் பிள்ளைகள் இருவரை மடிக்கணினியோடு உட்காரவைத்தோம். முதல் விண்ணப்பம் கபர்ஸ்தான் பணியாளருடையது. முத்தவல்லி அங்கேயே அமர்ந்து கையொப்பமிட்டார். பணியாளர்களுக்காக மட்டும் என்று எண்ணித் தொடங்கிய மேசைக்கு, லுஹருக்குள் வேறு பலரும் வந்துவிட்டார்கள். ஆட்டோ ஓட்டுநர், தையற்காரர், கட்டடத்தில் சாரம் கட்டுபவர் என ஒவ்வொருவருக்கும் தொழிலாளர் துறையின் கீழ் தனித்தனி நல வாரியம் உண்டு. 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தவை அவை. கட்டுமானத் தொழிலாளர் வாரியம் 1994 முதல் இயங்குகிறது. சிலர் முன்பே பதிந்திருந்தார்கள். ஆனால் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். அட்டை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, பதிவு காலாவதியாகிவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

எல்லையோர ஊருக்கே உரிய கேள்விகளும் வந்தன. வீடு ஓசூரில், வேலை எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ. “கர்நாடகக் கம்பெனி பிடித்தம் செய்கிற இ.எஸ்.ஐ. நமக்கு இங்கே எதற்கு ஹஜ்ரத்?” என்றார் ஒருவர். அது மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. காப்பீட்டு எண் ஒன்றே. ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அது செல்லாமற் போவதில்லை என்று விளக்கினோம். பீகாரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தொழிலாளி தம் ஊர் ரேஷன் அட்டையைக் காட்டினார். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ முறை 2020 அக்டோபர் முதல் தமிழகத்தில் நடைமுறையில் இருப்பதை, பக்கத்துத் தெருவிலேயே ஈராண்டாக வாழ்ந்த அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மாலையில் அடுத்த தெரு மாரியம்மன் கோயில் பூசாரி வாசலில் வந்து நின்றார். “பாய், எங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். கிராமக் கோயில் பூசாரிகளுக்கும் தனி நல வாரியம் உண்டு. பிள்ளைகள் விவரம் பார்த்துக் குறித்துக் கொடுத்தார்கள். ‘இது மஸ்ஜித் முகாம்தானே’ என்று நம்மவர் ஒருவர் மெல்ல முணுமுணுத்தார். அவருக்கு ஹில்ஃபுல் ஃபுளூலை நினைவூட்டினோம். நபித்துவத்துக்கு முன், மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில், அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருக்குத் துணைநிற்பதாகச் செய்யப்பட்ட உடன்படிக்கை அது. அதில் கலந்துகொண்ட நம் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் செல்வேன் என்றே கூறினார்கள். முணுமுணுத்தவரே பூசாரிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

நம் வார்டின் பகுதி சபைக்கும் அதன்பிறகே முதன்முறையாகச் சென்றோம். ஓசூர் நகராட்சி 2019இல் மாநகராட்சியாயிற்று, 45 வார்டுகள். கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரங்களுக்குப் பகுதி சபை என்று ஏற்படுத்தி, 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழகத்தில் முதன்முதலாகக் கூட்டினார்கள். மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என எதையும் குடிமகன் எழுந்து கேட்கலாம். நம் பெண்களும் கேட்கலாம். தண்ணீர் வராத நாளின் துன்பத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்? வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையும் ஈமானின் கிளையாக எண்ணும் சமுதாயம் நாம். அந்தக் கூட்டத்தில் நம் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் மூவர்.

பள்ளிவாசல் சந்துக்கு ஒரு தெருவிளக்கு கேட்டோம். மோதினார் அத்தனை ஆண்டுகளும் டார்ச் ஒளியில் நடந்து வந்த சந்து அது. இரண்டு முறை நினைவூட்டிய பின் விளக்குப் போட்டார்கள். கேட்டிருந்தால் அவர் காலத்திலேயே கிடைத்திருக்கும்.

ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் நம் வேண்டுகோள் எளியது. நோன்புக் கஞ்சி அரிசிக்கு ஆண்டு தவறாமல் மனுக் கொடுக்க நமக்குத் தெரிகிறது. அதே கோப்பில் இன்னொரு தாளையும் வையுங்கள். பள்ளியின் இமாம், மோதினார், ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுகள், கூட்டிப் பெருக்குபவர், கபர்ஸ்தான் பணியாளர் ஆகியோரின் பெயர்களையும், யார் பதிந்துள்ளார், யார் பதியவில்லை என்பதையும் அதில் எழுதுங்கள். பதியாதவர் அலுவலகம் செல்லும் நாளில் அவருடைய இடத்தில் நின்று பாங்கு சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். காகிதத்தை வாங்கி வைத்தவர் அது அமானிதம் என்பதை உணரட்டும்.

அந்தப் பாதி நிரம்பிய விண்ணப்பத்தை நாம் கிழித்துவிடவில்லை. இழுப்பறையின் மேற்பகுதியில், திறந்தவுடன் கண்ணில் படும்படி வைத்திருக்கிறோம். வல்ல அல்லாஹ் நம் மோதினாருக்கு உயர்ந்த சுவனத்தை அருள்வானாக. அவருடைய உரிமையில் நாம் செய்த குறையை மன்னிப்பானாக. பிறர் நம்மிடம் ஒப்படைத்தவற்றை உரிய காலத்தில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.