மறுகால் பக்கத்துக் கல்

முக்குளிப்பான் தண்ணீருக்குள் போனதும் அது மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணைத் தளர்த்தி, குளத்தின் பரப்பு முழுவதையும் பார்த்தபடி இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எங்கோ ஒரு வளையம் விரியும். நடுவில் தவிட்டு நிறத்தில் ஓர் உருண்டை எழும். அலகில் மீன் இருந்தால் உதறி விழுங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். இந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருக்க முடியும். எழுந்து வரும்போது வாரம் முழுவதும் தோளில் ஏறிக் கிடந்த இறுக்கம் இறங்கியிருக்கும். பல வருடங்களாக ஞாயிறுதோறும் எனக்கு இது நடக்கிறது.

பாளையங்கோட்டையைச் சுற்றிலும் தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் வாங்கும் குளங்கள் இருக்கின்றன. நாங்குநேரிப் பக்கம் போனால் மழையை நம்பியவையும் உண்டு. நான் போகும் குளம் பெரியதல்ல. கரையில் உடைமரங்களும் பனைகளும், ஒரு மடை, நிரம்பிய தண்ணீர் வழிந்தோடத் தெற்கு ஓரத்தில் ஒரு மறுகால். மறுகாலை ஒட்டி வேப்பமர நிழலில் ஒரு கருங்கல் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகும். பிசான நெல் அறுவடை முடியும்போது தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கிவிடும்.

பள்ளிக்கூடத்தில் வேலை, வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். இப்படி இருக்கிற ஒரு பெண்ணுக்கு வேலையெல்லாம் முடிந்த பிறகு தனக்கென்று நேரம் கிடைக்கும் என்று சொல்பவர்கள் அடுப்படியில் நின்றதில்லை. வேலை முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமையின் முதல் பொழுதை நான் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். சனி இரவே மாவு ஆட்டி வைத்துவிடுவேன். காலையில் தோசை ஊற்றுவது வீட்டுக்காரர் பாடு. ஆரம்பத்தில் வீட்டில் சிறு முணுமுணுப்பு இருந்தது. இப்போது நான் கிளம்பாவிட்டால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

கரையில் ஏறியதும் முதலில் நம்மைக் கண்டுகொள்வது ஆள்காட்டி. அது கத்த ஆரம்பித்தால் கொக்கும் நாரையும் கழுத்தை நீட்டி எச்சரிக்கையாகும். உள்ளான்கள் எழுந்து வேறு பக்கம் போய் இறங்கும். அப்போது தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினால் அன்றைக்கு ஒன்றும் கிடைக்காது. வெயில் முதுகில் படும்படி உட்கார வேண்டும். பறவையின் நிறம் நமக்குத் தெளியும். கரையின் உச்சியில் நின்றால் வானத்தை ஒட்டி நம் உருவம் தெரியும், அதனால் சரிவில் இறங்கி மரத்துக்கு முன்னால் அமர்வது நல்லது. மங்கிய பச்சை அல்லது காவி நிறத்தில் பருத்திச் சேலையோ சுடிதாரோ போதும். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட வேண்டும். படம் எடுக்கிற ஆசை வந்துவிட்டால் ஒரு பறவையை விரட்டிப் பிடிப்பதிலேயே காலை போய்விடும். படம் எடுப்பவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஓய்வு தேடிப் போகிறவருக்கு அது இன்னொரு வேலை.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். ஆள்காட்டி மெல்லக் கத்தலை நிறுத்தும். நாரைகளின் கழுத்து வளையும். குளம் நம்மை மறந்து தன் பாட்டுக்கு இருக்கத் தொடங்குகிற அந்த நேரத்துக்காகத்தான் நான் போகிறேன்.

அதன் பிறகு தெரிவதெல்லாம் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிவது. முக்குளிப்பானின் கூடு தண்ணீரில் மிதக்கும் ஈரப் பாசிக் குவியல். அடைகாக்கும் பறவை இறங்கிப் போகுமுன் பாசியையே இழுத்து முட்டைகளின் மேல் மூடிவிட்டுப் போகும். பிறகு பார்ப்பவருக்கு அங்கே கூடு இருப்பதாகவே தோன்றாது. குஞ்சுகள் பொரித்தால் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். வரி வரியான சிறு தலைகள் மட்டும் இறகுக்கு மேலே தெரியும். பாம்புத்தாராவின் இறகு தண்ணீரில் நனைந்து ஊறும். அதனால்தான் அது உடம்பு முழுவதையும் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்த முடிகிறது; அதே காரணத்தால் வெளியே வந்து இறக்கையை விரித்துக் காயப்போட வேண்டியும் இருக்கிறது. மீனைக் கூரிய அலகால் குத்தித் தூக்கி, மேலே எறிந்து, தலைப்பக்கமாக விழுங்கும். அந்த எறிதல் ஒரு கண்ணிமைப்பில் முடிந்துவிடும். அதைத் தவறாமல் பார்க்க வேண்டுமென்றால் வேறு எந்த நினைப்பும் மனதில் இருக்க இடம் இல்லை.

நத்தை குத்தி நாரையின் அலகில் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் வரும். நீளவால் இலைக்கோழியில் முட்டையிடுவதோடு பெட்டையின் வேலை முடிந்தது; அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது சேவல். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு சேவல் குஞ்சுகளின் பின்னாலேயே நடந்ததைக் கண்ணால் பார்த்தபோது வந்த சந்தோஷம் அந்த வாரம் முழுக்க வகுப்பறையிலும் கூடவே வந்தது.

மனதை அமைதிப்படுத்த வேண்டும் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கு வீட்டுக் கணக்கும் விடைத்தாள் கட்டும்தான் வரும். அப்படி உட்காரத் தெரிந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. என் மனதுக்குப் பிடித்துக்கொள்ள வெளியே ஏதாவது வேண்டும். அந்த ஏதாவது என்னிடம் எதையும் கேட்காததாக இருக்க வேண்டும். பிள்ளைகள், மாணவர்கள், செய்தித்தாள், தொலைக்காட்சி எல்லாமே ஏதோ ஒன்றைக் கேட்கின்றன. நாரைக்கு நான் தேவையே இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைப்பேசிச் செயலி வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் மனநிலையை அவ்வப்போது பதிவு செய்தார்கள். பறவையைப் பார்த்த அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனம் நன்றாக இருந்ததும், அந்த நன்மை சில மணி நேரம் நீடித்ததும் அதில் தெரிந்தது. மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடமும் அப்படித்தான். மனம் உண்மையிலேயே நோயுற்றிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். குளத்தங்கரை அதற்கு மாற்று ஆகாது. அன்றாடச் சோர்வைத்தான் நான் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் 1912-ல் பிறந்தவர் இயற்கையியல் எழுத்தாளர் மா. கிருஷ்ணன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை எழுதிவந்தார். காட்டு யானைகளை ஆழ்ந்து அறிந்த அந்த மனிதர், வீட்டைச் சுற்றித் திரிகிற காக்கையையும் அணிலையும் அதே மரியாதையோடு பார்த்து எழுதினார். அபூர்வமான பறவைக்காக ஊர் ஊராக அலைய வேண்டும் என்ற ஆசை எனக்குள் அடங்கியது அவரைப் படித்த பிறகுதான். மடையின் மேல் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை எத்தனை முறை பார்த்தாலும் அதன் நீலம் எனக்குப் பழகவில்லை.

தனியாகப் போகிற பெண்ணுக்கு ஊர்க்காரர்கள் பழக்கமாக வேண்டும். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் ஆரம்ப நாட்களில் தூரத்தில் நின்றே கவனித்துவிட்டு, ஒரு நாள் பக்கத்தில் வந்தார்.

“யாரத் தேடுதிய? இங்கன தனியா இருக்கியளே?”

“பறவை பாக்க வந்தேன் அண்ணாச்சி.”

“பறவையா? அப்ப மடைக்கு அந்தப் பக்கம்லா போகணும். அங்க பெரிய தாரா வந்து கிடக்கு.”

அவர் சொன்னது வடக்கிலிருந்து வந்து இறங்கியிருந்த ஊசிவால் வாத்துக் கூட்டம். அதன் பிறகு குளத்தைப் பற்றி அவரிடம் கேட்டே நிறையத் தெரிந்துகொண்டேன். எந்த வருடம் மறுகால் பாய்ந்தது, எந்தப் பனையில் தூக்கணாங்குருவி கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் இருக்கும்வரை அவர் ஆடுகள் கரையின் மறு ஓரத்தில்தான் மேயும். அது எனக்காகத்தான் என்று பின்னால் புரிந்தது.

கூந்தன்குளத்துக்கும் போவதுண்டு. 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த ஊர் அது. வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டும். பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து சேரும். அந்த ஊர் மக்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும்போது மற்றவர்களோடு சேர்ந்து நானும் எண்ணுவேன். அது பறவைகளுக்குச் செய்ய வேண்டிய கடமை, அதில் ஒரு தவறும் விடக் கூடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு என் சின்னக் குளம்தான். அங்கே குறிப்பேடு இருக்கும், கணக்கு இருக்காது. தேதி, தண்ணீர் மட்டம், மனதில் நின்ற ஒரு காட்சி, அவ்வளவுதான்.

சித்திரையில் தண்ணீர் வற்றி மண் வெடித்துக் கிடக்கும்போது போவதை நிறுத்திவிடாதீர்கள். வெறும் தரையில் ஆள்காட்டி முட்டையிட்டிருக்கும். புள்ளி போட்ட மண் நிறத்தில், கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தெரியாது. கடும் வெயிலில் அந்தப் பறவை கடைசியாக மிஞ்சிய குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைக்கும். அதைக் கண்டால் தள்ளியே இருங்கள். நீங்கள் நெருங்கினால் முட்டை வெயிலில் தனியாகக் கிடக்கும்.

சென்ற மழைக்காலத்திலிருந்து என்னோடு வேலை செய்கிற டீச்சர் ஒருவரும் வருகிறார். முதல் நாளே சொல்லிவிட்டேன்: அக்கா, உங்களுக்கு மடை, எனக்கு மறுகால். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடக் கதைதான் பேசுவோம். அவருக்குப் பறவைப் பெயர்கள் இன்னும் பழகவில்லை. கொக்குக்கும் நாரைக்கும் இன்னும் குழம்புகிறார். நானும் சொல்லிக்கொடுக்க அவசரப்படவில்லை. எட்டரை மணிக்கு வண்டியைக் கிளப்பும்போது பின்னால் உட்கார்ந்து ஆரம்பிப்பார்: “கறுப்பா, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி ஒண்ணு…” பாளையங்கோட்டை வந்து சேரும்வரை அந்தப் பறவையைப் பற்றிய பேச்சுதான்.