வர்ணத்தின் கீழே

பொரளைச் சந்திக்கும் கனத்தை மயானத்துக்கும் இடையே ஓர் ஒழுங்கையின் முடிவில் எமது வீடு இருக்கிறது. அதன் முற்றத்திலே, பலாமரத்தின் கீழ் போட்ட தகரக் கொட்டகைக்குள், எட்டு மாதங்களாக ஒரு மோட்டார் வண்டி தோலுரிந்து நிற்கிறது. 1959-ம் ஆண்டின் மொறிஸ் மைனர் அது. எழுதுவினைஞராக இருந்த எமது தந்தையார் கடன்பட்டு வாங்கியது. அவர் காலமான பின்னர் பத்து வருடங்கள் அதனை ஒருவரும் ஓட்டவில்லை. அதற்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது, அதனை வர்ணம் பூசும் விஷயமாகவே நாம் எண்ணினோம். எந்த நிறம் என்பது பற்றி வீட்டில் பல இரவுகள் வாதம் நடந்தது. வர்ணம் இந்த வேலையின் கடைசி அத்தியாயம் என்பதும், கதை முழுவதும் அதற்கு முந்திய அத்தியாயங்களிலே அடங்கியிருக்கிறது என்பதும் அப்பொழுது எமக்குத் தெரியாது.

மைனர் வண்டி இலங்கையருக்கு அந்நியமானதன்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது; 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. வெளியிடுமுன் அதன் தோற்றம் ஒடுக்கமாயிருக்கிறதென்று கருதிய இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக வெட்டுவித்து, நான்கு அங்குலம் விலக்கி அகலத்தைத் தீர்மானித்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் சாட்சி. எமது நாட்டில் வைத்தியரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் இவ்வண்டியை வைத்திருந்தனர். 1960-களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, இருந்த வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. அந்தத் தேவை ஒரு தொழிலாளர் பரம்பரையையே வளர்த்தது. பிரித்தானியாவின் பாத் நகரில் மைனர் வண்டிகளைப் புதுப்பித்து வந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், பிற்காலத்தில் இலங்கையர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து, இவ்வண்டிக்கான தகடுகளை இத்தீவிலேயே செய்விக்கலானார். ஆங்கிலேயர் செய்த வண்டியை ஆங்கிலேயருக்கே காப்பாற்றிக் கொடுக்கும் கைவன்மை எமது தொழிலாளரிடம் இருந்தது.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கும் வரையில், பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. தந்தையாரின் நினைவு எம்மைத் தூண்டியது உண்மை. அந்த விலையும் எமது ஆசையில் கலந்திருந்தது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

வேலைக்கு வந்தவர் தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு பாஸ். ஐம்பத்தைந்து வயதிருக்கும், சிங்களவர், தமிழும் பேசுவார். அவருக்குத் துணையாக ஒரு பையன் வந்தான். அவனது பெற்றோர் இன்னமும் மலையகத்தில் கொழுந்து பறிக்கின்றனர். முதல் நாளே நிறத்தைப் பற்றி நாம் பேச்செடுத்தோம். பாஸ் சிரித்தார்.

"நிறம் கடையில கிடைக்கும், மாத்தையா. முதல்ல இவன் உள்ளுக்கு என்ன வச்சிருக்கிறான் என்று பார்ப்பம்" என்றார்.

மைனர் வண்டிக்குப் பெருமளவில் உடலே சட்டகம். கதவுகளுக்குக் கீழே நெடுக்காக ஓடும் பெட்டி போன்ற பகுதி உக்கினால், வெளியழகு மாத்திரமன்று, வண்டியின் முதுகெலும்பே உக்கியதாகும். பாஸ் ஒரு திருப்புளியை எடுத்து அந்தப் பகுதியில் மெல்லக் குத்தினார். வர்ணம் பளபளவென்று இருந்த இடத்திலே திருப்புளி கைப்பிடி வரையில் உள்ளே இறங்கிற்று. உள்ளே இருந்தது கறளும், கறளின் மேல் யாரோ திணித்த பழைய பத்திரிகைத் தாளும், அதன் மேல் பட்டியும், பட்டியின் மேல் வர்ணமுமே. கடலுக்கு அண்மையிலுள்ள இந்நகரின் ஈரக் காற்று இரும்பை இடைவிடாது தின்கிறது. அதனை வெட்டி எடுக்காமல் மேலே பூசுகிறவன், கறளுக்கு ஒரு போர்வை கொடுக்கிறான். போர்வைக்குள்ளே அது இன்னும் சுகமாக வளர்கிறது.

அதன்பின் பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுக்கும் வேலை தொடங்கியது. ஈர அரத்தாளால் ஓரிடத்தை வட்டமாகத் தேய்த்தால், மரத்தை அறுத்த இடத்தில் ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல, வர்ணங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. மேலே வெள்ளை, அதன்கீழ் சாம்பல், அதன்கீழ் மீண்டும் ஒரு சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியில், தொழிற்சாலையில் பூசிய பச்சை. தந்தையாரின் வாழ்க்கையின் நல்ல காலமும் முடைப்பட்ட காலமும் அந்த வட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்தன.

இடதுபக்கத்துப் பின் சக்கரத்தின் மேலுள்ள தகட்டில் அந்த ஒழுங்கு கலைந்தது. அங்கே பச்சை இல்லை. வெள்ளைக்குக் கீழே அரை அங்குலத் தடிப்பில் பட்டி இருந்தது. பட்டி என்பது கடதாசித் தடிப்பிலுள்ள குழிகளை நிரவுவதற்கானது. இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்டால் நாளடைவில் வெடிக்கும், கழன்று விழும். பாஸ் உளியால் அதனைத் தட்டினார். ஓட்டுத் துண்டுபோல அது பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடு நெளிந்தும், நீலமும் கறுப்பும் பாய்ந்தும் கிடந்தது. பாஸ் உளியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"இது மோதினது இல்லை, மாத்தையா. நெருப்பு" என்றார்.

அன்று இரவு எமது தாயாரிடம் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார். 1983 ஜூலை 23-ம் திகதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் உடல்களை, மறுநாள் கனத்தையில் அடக்கம் செய்ய ஏற்பாடாகி இருந்தது. அங்கே திரண்ட கூட்டத்திலிருந்தே கொழும்பின் நெருப்புப் புறப்பட்டது. எமது ஒழுங்கை அதற்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. தாயாரும் நான்கு வயதுப் பிள்ளையாகிய நாமும் பின்மதிலால் ஏறி அடுத்த வீட்டுச் சமையலறைக்குள் ஒளித்திருந்தோமாம். வண்டியிலிருந்த பெற்றோலை எடுத்தே வண்டிக்குத் தீ வைத்தார்களாம். அவர்கள் அடுத்த வீட்டை நாடிப் போனதும், எதிர்வீட்டுச் சிங்கள முதியவர் ஒருவர், மாடு கட்டும் கொட்டிலிலிருந்து ஈரச் சாக்குகளைக் கொண்டுவந்து தீயை அணைத்து, வண்டியைத் தனது வளவுக்குள் தள்ளிப்போய்த் தென்னோலையால் மூடி வைத்தாராம். நாம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் இருந்த அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வண்டி இருந்தது. வீட்டின் கூரை இருக்கவில்லை. எமது வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய வெலிக்கடைச் சிறையில், அந்த ஜூலையின் 25-ம் 27-ம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டிருந்தனர். தந்தையார் கையில் கிடைத்த பணத்துக்குப் பட்டி வாங்கி அப்பி, மேலே வர்ணம் பூசுவித்தார். அதைப்பற்றி ஒரு சொல்லும் அவர் பின்னர் பேசியதில்லை.

மறுநாள் இதனைப் பாஸிடம் சொன்னோம். அவர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு அப்ப பதினான்கு வயது. சந்தியில நின்று பார்த்தேன்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் வேலை நேரம் முடிந்தும் அவர் போகவில்லை. எரிந்த தகட்டை முழுவதுமாக வெட்டி எடுத்து, புதுத் தகட்டை மரக்கட்டையின்மேல் வைத்துச் சுத்தியலால் வளைத்து, இருட்டும் வரையில் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். மேலதிக நேரத்துக்குக் கூலி கொடுக்க முனைந்தபோது வாங்க மறுத்தார். வெட்டி எடுத்த பழைய துண்டை எறியட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்று தாயார் வாசலில் நின்று சொன்னார்.

இக்கட்டுரை இங்கே முடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் பையனைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பழைய வர்ணத்தை நீக்கும் வேலையிற் பெரும்பகுதி அவனுடையது. ஈரத்தில் தேய்த்தால் வேலை தாமதம். மின்சாரத் தேய்ப்பானால் உலர்வாகத் தேய்த்தால் விரைவு. எப்பொழுது முடியும் என்று நாம் அடிக்கடி கேட்டோம். ஆகவே அவன் உலர்வாகவே தேய்த்தான். வாயைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அவ்வளவே பாதுகாப்பு. மாலையில் அவன் தலைமயிர், கண்ணிமை, காதுமடல் எல்லாம் பச்சையும் சாம்பலுமாக இருக்கும். எமது பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். மூன்றாம் வாரத்தில் அவன் இருமத் தொடங்கினான்.

அந்தக் காலத்து வர்ணங்களில் ஈயச் சேர்மங்களைக் கலப்பது பொது வழக்கம். வண்டியுடலின் பொருத்துக்களை நிரப்பவும் ஈயம் பயன்பட்டது. ஈயத் தூசி நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் இருக்கிறது. நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002-ல் நிறுத்தப்பட்டது. நகரின் காற்றிலிருந்து நாடு நீக்கிய நஞ்சை, நாம் எமது முற்றத்தில் ஒரு பையனின் மூச்சுக்குள்ளே தேய்த்துக் கொண்டிருந்தோம். பட்டித் தூசியும் நுரையீரலுக்கு நல்லதன்று. இனிமேல் பூச இருந்த இரு கலவை வர்ணத்திலோ ஐசோசயனேற்று எனும் பொருள் உண்டு. அதனை விசிறுகையில் சுவாசிப்பவர்க்குத் தீராத ஆஸ்துமா வரக்கூடும். வெளியிலிருந்து தூய காற்றுச் செலுத்தும் முகமூடி இன்றி அதனை விசிறலாகாது.

இவற்றையெல்லாம் நாம் பின்னரே வாசித்து அறிந்தோம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் எமது கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லிற்று. இங்கிலாந்திலிருந்து தருவித்த பளபளக்கும் உலோகப் பட்டைகளுக்கு ஒரு தொகை. கண்ணாடி ஓர இறப்பருக்கு ஒரு தொகை. முகமூடிக்கு ஒரு சதமும் இல்லை. இந்நாட்டில் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 முதல் இருக்கிறது. வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது. எனினும் எந்தப் பரிசோதகர் எமது பலாமரத்தின் கீழ் வந்து பார்க்கப் போகிறார்? சட்டம் எட்டாத முற்றத்தில், கூலி கொடுப்பவனின் மனச்சாட்சியே சட்டமாயிருக்கிறது. அந்தச் சட்டம் எட்டு மாதங்களில் ஐந்து மாதங்கள் உறங்கிற்று. 1983-ல் எமக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஒரு தகட்டின் கீழே கண்டு கலங்கிய நாம், அதே தகட்டின் அருகே நின்று இருமியவனை ஒரு மாதமளவும் காணவில்லை.

பையனை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இரத்தப் பரிசோதனை செய்வித்தோம். இருமல் குறைந்திருக்கிறது, மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். தகுந்த வடிகட்டியுள்ள முகமூடிகள் வாங்கினோம். மிஞ்சிய பழைய வர்ணம் முழுவதையும் நீர்விட்டே தேய்ப்பித்தோம். சேற்றை வடிகானில் விடாமல் வாளியில் சேர்த்தோம். முகமூடியைக் கொடுத்தபோது அவன், "இதுக்குள்ள வேர்க்குதுங்க ஐயா" என்று கூச்சத்துடன் சொன்னான். "வேர்த்தாலும் போட்டுக்கொள், தம்பி" என்றோம். ஐந்து மாதங்களுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. இரு கலவை வர்ணத்தையும் கைவிட்டோம். தூய காற்று முகமூடியும் விசிறும் அறையும் இல்லாத முற்றத்துக்கு அது உரியதன்று. பழைய செலுலோசு வர்ணத்தையே பூசுவதாகத் தீர்மானித்தோம். அதற்கும் முகமூடி வேண்டும். பல பூச்சுக்களும் நீண்ட மெருகும் வேண்டும். ஈரமான நாளில் பூசினால் வெண்மை படரும். ஆகவே உலர்ந்த காலத்துக்காகக் காத்திருக்கிறோம். யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

இப்பொழுது வண்டி சாம்பல் நிறத்தில் நிற்கிறது. நீண்ட மரக்கட்டையில் அரத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துத் தகட்டைச் சமப்படுத்துகிறார்கள். மெல்லிய கறுப்பு வர்ணத்தைப் புகைபோல விசிறிவிட்டுத் தேய்த்தால், பள்ளத்தில் கறுப்பு தங்கும், மேடு வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை அது காட்டிக் கொடுக்கும். அதன் பின்னும் பாஸ் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்தே திருப்தியடைகிறார்.

வெறுந்தகட்டை அன்றன்றே அடிப்பூச்சினால் மூட வேண்டும் என்பது அவர் விதி. ஒருநாள் மழை வந்து அது தவறிற்று. மறுநாட் காலையில் கதவின்மேல் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் செங்கறளாய்ப் பதிந்திருந்தன. பையனின் வியர்வைக் கை. அவன் பதறிப்போய் அரத்தாளை எடுத்தான். தேய்த்தே ஆகவேண்டும்; இல்லாவிடில் வர்ணத்தின் கீழே அது வளரும். அவன் தேய்க்குமுன் நாம் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவில் பளபளத்து ஓடும் ஒவ்வொரு வண்டியின் கீழும் இத்தகைய கை ஒன்று இருக்கிறது. அந்தக் கைக்குரியவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று கேட்பது, என்ன நிறம் பூசலாம் என்று கேட்பதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஆயத்தம்.