மூளை கைவிடுவதில்லை

கிரிவலத்தில் 14 கிலோமீட்டரையும் பேசிக்கொண்டே நடந்துவிடுகிறோம். எந்தக் காலை எப்போது எடுத்து வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. மூளையின் இயக்கப் பகுதியிலிருந்து கிளம்பும் கட்டளை தண்டுவடம் வழியாகக் கால் தசைக்குப் போய்ச் சேர்கிறது. அந்தத் தண்டுவடமே நசுங்கிவிட்டால்?

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கிறார். பார்க்க வருகிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்பப்பா எழுந்து நடப்ப?" அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

முதல் ஆச்சரியம்! அடிபட்டுப் பல வருடங்கள் ஆனவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, பாதத்தை அசைக்க முயற்சி செய்யச் சொல்கிறார்கள். பாதம் அசைவதில்லை. ஆனால் மூளையில் காலுக்கான பகுதி வேலை செய்வது தெரிகிறது. ரோடு துண்டிக்கப்பட்டும் கட்டளை கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது.

அதற்காக மூளையில் எதுவுமே மாறுவதில்லை என்றும் இல்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழுவினர், கழுத்துப் பக்கத் தண்டுவடத்தில் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் அறுபட்ட குரங்குகளை ஆராய்ந்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இயக்கப் பகுதியின் மொத்த வரைபடம் மாறவில்லை. ஆனால் கட்டைவிரலை மடக்கி நீட்டும் இடங்கள் குறைந்து, பக்கவாட்டில் அசைக்கும் இடங்கள் கூடியிருந்தன. விரல்களை அசைக்க அதிக மின்தூண்டலும் தேவைப்பட்டது. ஆக, மூளையில் மாற்றம் என்றாலே குணம் என்று அர்த்தமில்லை.

பிறகு எதுதான் உதவும்? பதில் பக்கத்திலேயே, வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டும் சிகிச்சை அது. கட்டினால் மட்டும் போதாது. பழைய தசையை வைத்துப் புது வேலை செய்ய மூளை பழக வேண்டும். அதற்குத் தினசரிப் பயிற்சி. 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் தொடங்கியது. அதன் பின்னணியிலும் அவர்தான்.

தண்டுவடத்தில் கொஞ்சம் நரம்பாவது மிச்சமிருந்தால், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி அந்த வழியைப் பலப்படுத்த உதவும். முழுதும் அறுந்திருந்தால், கால் செய்த வேலைகளைத் தோளும் கையும் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டிலும் கற்பது மூளைதான்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி இருந்தால், "எப்ப நடப்ப?" என்று கேட்காதீர்கள் நண்பர்களே. "இன்னைக்குப் பயிற்சி ஆச்சா?" என்று கேட்டு, அரை மணி நேரம் கூட இருங்கள்.