நிறுத்தச் சொல்லும் குரல்



சென்ற வாரம் ஒஸ்லோவின் ரேடியம் மருத்துவமனையில், நம்மவரான பெரியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டு சென்றேன். அவருக்கு வாய்ப்புற்றுநோய். கதிர்ச் சிகிச்சையினால் நாவும் தொண்டையும் புண்ணாகியிருந்தன. அப்பத்தின் சிறு துணுக்கொன்றைக் கரண்டி நீரில் நனைத்துக் கொடுத்தேன். அதை விழுங்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது. பின்னர் மெல்லக் கேட்டார்: “சுவாமி, என்ரை உடம்பே ஏன் எனக்கு எதிரா வளருது? இது கடவுள் தந்த தண்டனையோ?”

தண்டனை அன்று என்று உடனே சொன்னேன். முதற் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. உயிரியல் கற்ற அவருடைய மகளிடம் கேட்டும், நானே வாசித்தும் அறிந்ததை உங்களோடு பகிர்கிறேன்.

நம் உடலின் ஒவ்வொரு கலமும் இரண்டாகப் பிரியுமுன் சில வாயில்களைக் கடக்க வேண்டும். முன்னே செல்லத் தூண்டும் புரதங்கள் உண்டு. நில் என்று தடுக்கும் புரதங்களும் உண்டு. இந்த ஒழுங்கைக் கண்டறிந்தமைக்காகவே ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர். தடுப்பவற்றுள் முதன்மையானது 1979இல் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம். கலத்தின் மரபுப்பொருள் சேதமுற்றால் அது பிரிதலை நிறுத்துகிறது. பழுதைத் திருத்த நேரம் தருகிறது. திருத்த இயலாதபோது அக்கலத்தை மடியச் செய்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் காவலன் பழுதுபட்டிருக்கிறான். பெரியவரின் உடல் அவருக்குப் பகையாகவில்லை. நிறுத்தச் சொல்லும் குரலே அங்கே அடங்கிப்போயிற்று.

அதை அடக்குபவை எவை? புகையிலையும் மதுவும் என்பதை அறிவோம். ஆனால் கொட்டைப்பாக்கு? புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னிலையில் நிற்பதற்கு நம் வெற்றிலைத் தட்டமும் ஒரு காரணம். தொண்டைப் புற்றுநோய் சிலவற்றில் எச்.பி.வி. என்னும் வைரசின் புரதமொன்று பி53ஐயே அழித்துவிடுகிறது.

இழந்த குரலை மீட்டுக் கொடுக்கலாகாதா? மரபணுச் சிகிச்சை அதற்கே முயல்கிறது. தீங்கற்றதாக்கப்பட்ட வைரசினுள் நல்ல பி53 மரபணுவை வைத்துக் கட்டிக்குள் ஊசிமூலம் செலுத்துகின்றனர். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அத்தகைய மருந்தொன்றைச் சீனா 2003இல் அனுமதித்தது. அதையொத்த அமெரிக்க மருந்துக்கோ 2008இல் அந்நாட்டில் அனுமதி கிட்டவில்லை. ஊசி சென்றடையாத கலங்களுக்கு மரபணுவைக் கொண்டு சேர்ப்பது இன்னும் கடினமே. இங்கே நோர்வேயில் அறுவையும் கதிரும் மருந்துகளுமே வழமையான சிகிச்சை. இதைப் பெரியவரிடம் மறைக்காமல் சொன்னேன். “அப்ப என்ரை பேரப்பிள்ளையளுக்கு உதவும்” என்றார்.

இப்போது என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். சென்ற நத்தார் விருந்தில் அவர் உறைப்புக் கறியைத் தொடாமல் ஒதுக்கியதைக் கண்டேன். “பல்லு நோகுது சுவாமி” என்றார். வாயை வைத்தியரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குச் சென்ற போதெல்லாம் அவர் நீட்டிய தட்டத்தில் வெற்றிலை எடுத்தவனும் நானே. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நானும் மௌனமாயிருந்தேன்.

ஆகவே உங்களிடம் வேண்டுகிறேன். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் குடும்ப வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ காட்டுங்கள். எச்.பி.வி. தடுப்பூசி இந்நாட்டில் 2009 முதல் சிறுமியருக்கும் 2018 முதல் சிறுவருக்கும் ஏழாம் வகுப்பில் இலவசமாக வழங்கப்படுகிறது. வெட்கம் கருதி உங்கள் மகனுக்கு அதை மறுக்காதீர்கள்.

விடைபெறும்போது பெரியவர் தம் பாக்குவெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து வருகையில் அவருடைய தாயார் கொடுத்தது. அவருக்காகச் செபியுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை, ஒஸ்லோ