ஒன்பது நாள்

அம்மாவின் இடது மார்பில் கட்டி இருப்பது 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தெரியவந்தது. ஊசியால் சிறிது சதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நான்கு நாளில் முடிவு வரும் என்றவர்கள் ஒன்பது நாளாக்கினார்கள். அந்த ஒன்பது நாளும் உடன்பிறந்தார் நாங்கள் மூவரும் செய்தவை இரண்டே காரியங்கள்: ஆய்வகத்தை வைதோம், அம்மாவிடம் பொய் சொன்னோம். 'வெறும் நீர்க்கட்டிதான் அம்மா' என்பது எங்கள் கூட்டுப் பொய். எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழிலக்கியம் கற்பிப்பவர். ஆகவே பொய்க்கும் நல்ல சொற்கள் கிடைத்தன.

முடிவு, புற்று என்றே வந்தது. வேறொரு மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கண்ணாடிச் சில்லுகளைக் கேட்டு வாங்கச் சென்றோம். அம்மாவும் உடன் வந்து வெளியே விசுப்பலகையில் அமர்ந்திருந்தார். நோய்க்குறியியல் மருத்துவரான பெண்மணியிடம் தாமதத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. எழுந்து ஆய்வகத்துக்குள் அழைத்துச் சென்றார்.

உடலை விட்டு வந்த சதை உடனே சிதையத் தொடங்கிவிடும். எனவே முதலில் அதைப் பார்மலினில் இடுகிறார்கள். புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இருந்த நிலையிலேயே நிலைத்துவிடுகின்றன. பின்னர் படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலால் நீரை அகற்றி, சைலீனால் ஆல்கஹாலை அகற்றி, உருகிய பாரஃபின் மெழுகை ஊடுருவச் செய்கிறார்கள். மெழுகோடு இறுகிய சதையை மைக்ரோடோம் என்னும் கருவி 4 மைக்ரான் கனத்தில் சீவுகிறது. ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. வெதுவெதுப்பான நீரில் நாடாவாக மிதக்கும் அந்தச் சீவலைக் கண்ணாடிச் சில்லால் ஏந்திக்கொள்கிறார்கள்.

அப்போதும் எதுவும் தெளிவாகத் தெரியாது. உயிரணுக்கள் நிறமற்றவை. மத்திய அமெரிக்கப் பகுதி மரமொன்றின் வைரத்திலிருந்து கிடைக்கும் ஹீமடாக்சிலின் உட்கருவை நீலமாக்குகிறது. இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்குகிறது. கூடுதலான ஐந்து நாள் எதற்கென்பதும் அங்கே புரிந்தது. அம்மாவின் புற்றணுக்களில் ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா என்பதை எதிர்ப்பொருள்களைக் கொண்டு தனியே சோதித்திருக்கிறார்கள். ஏற்பி இருந்தால் உட்கரு பழுப்பேறும். பழுப்பேறியிருந்தது. மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை என்பதற்கு அதுவே சான்று. நாங்கள் வைத நாட்களில்தான் அம்மாவின் மருந்து முடிவாகிக்கொண்டிருந்தது.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையின் சீவலில் கண்டு 'செல்' எனப் பெயரிட்டவை உயிர் நீங்கிய வெற்றறைகளே. நோயின் இருப்பிடம் உயிரணுவே என்று ருடால்ஃப் விர்க்கோ 1858இல் பெர்லினில் நூலெழுதியபோது, அதற்குள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. ஒன்பது நாளுக்கே பொறுமை இழந்தவர்கள் நாங்கள்.

எதிரெதிரே இருவர் ஒரே சில்லைப் பார்க்கத்தக்க நுண்ணோக்கி அங்கிருந்தது. மருத்துவர் முதலில் குறைந்த உருப்பெருக்கத்தையே வைத்தார். தனியோர் உயிரணுவைக் கண்டு தீர்ப்புச் சொல்வது அரிது. அது அண்டையிலுள்ளவற்றோடு எப்படி நிற்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்றார். சொல்லை வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்துப் பொருள் கூறாதீர்கள் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருபவருக்கு அது புதிய பாடமன்று. ஆனாலும் அன்று புதிதாகவே கேட்டது.

நேரமாகிறதே என்று அம்மா உள்ளே வந்துவிட்டார். "என் சதைதானே, நானும் பார்க்கிறேன்" என்றார். மறுக்க எங்களுக்கு வழியில்லை. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். காவிரிக் கரையில் நாற்பதாண்டு நடவு பார்த்த கண்கள் அவை.

"இந்தப் பக்கம் நட்ட வயலு. அந்தப் பக்கம் கோரை மண்டிக் கெடக்கு" என்றார். பிறகு தலையை நிமிர்த்தாமலேயே, "நீர்க்கட்டின்னு சொன்னீங்களேடா?" என்றார்.

எங்கள் மூவரில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. மருத்துவரே மெல்ல, "கோரைதான் அம்மா" என்றார்.

"கெழங்கோட எடுத்தாத்தான் போகும். எப்ப எடுக்கறாங்க?"

அந்த மாதமே அறுவை நடந்தது. ஐந்தாண்டு மாத்திரையும் 2023இல் முடிந்தது. இப்போதும் ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்குச் செல்கிறோம். அறிக்கை வந்ததும் உறையைப் பிரிக்காமல் அம்மாவிடமே கொடுத்துவிடுகிறோம். அவர் எழுத்துக் கூட்டிப் படித்து, புரியாத சொல்லை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு எங்களுக்குச் சொல்கிறார்.