நெடுந்தீவுக்குப் போகும் மூடைகள்

நான்கு புறமும் நீராற் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று கீழ் வகுப்பு மாணவர் மனனஞ் செய்கின்றனர். அவ்விலக்கணம் பிழையன்று. ஆயினும் அது தேசப்படம் வரைவோனுடைய இலக்கணம். தீவிலே குடியிருப்பவரைக் கேட்டால் வேறொன்று சொல்வார்: அரிசியும் சீமெந்தும் மண்ணெண்ணெயும் என்று வந்து சேரும் என்பதைக் காற்றும் படகும் தீர்மானிக்கும் இடமே தீவு. இதன் உண்மையை அறிய விரும்புவோர் ஒரு முறையேனும் நெடுந்தீவுக்குச் சென்று வருதல் நன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டுப் பண்ணைக் கடல்வழிச் சாலையைக் கடந்தால் இரு மருங்கும் ஆழமற்ற பரவைக்கடல் விரிகின்றது. அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என ஒன்றன்பின் ஒன்றாக ஊர்களைத் தொட்டுச் செல்லும் அச்சாலை குறிகட்டுவான் துறையிலே முடிந்துவிடுகின்றது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அப்பெயர்கள் வழக்கொழிந்தன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்ற பெயர் மாத்திரம் இன்றும் ஆங்கில வழக்கில் நிலைத்திருக்கின்றது.

குறிகட்டுவானில் யாத்திரிகர் பார்வை நயினாதீவுப் படகுகளை நாடும். நெடுந்தீவுப் பயணிகள் பார்ப்பதோ மூடைகளை. நாம் சென்ற நாளிலே லொறியொன்றிலிருந்து சீமெந்து மூடைகள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு மூடையின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக் கடையிலிருந்து லொறிக்கு ஒரு தூக்கு. லொறியிலிருந்து துறைக்கு ஒரு தூக்கு. துறையிலிருந்து வள்ளத்துக்கு ஒரு தூக்கு. மறுகரையில் மாவலி இறங்குதுறைக்கு ஒரு தூக்கு. அங்கிருந்து லான்ட்மாஸ்ரருக்கு ஒரு தூக்கு. ஈற்றில் வீட்டு முற்றத்துக்கு ஒரு தூக்கு. ஆக ஆறு முறை. ஐம்பது கிலோ மூடை ஒவ்வொன்றுக்கும் மனிதத் தோள்கள் முந்நூறு கிலோ சுமக்கின்றன. ஒவ்வொரு தூக்குக்கும் கூலியுண்டு. நனைந்து கெடும் மூடைக்கு நட்டமுமுண்டு. தீவிலே கல்வீடு கட்டுபவர் இவை அனைத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றார்.

கடற்பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகம் வீசுங் காலத்தில் அலை படகின் பக்கத்தை அறைந்து உள்ளிருப்போரை நனைக்கும். கடுங்காற்று வீசும் நாட்களிற் படகே ஓடாது. இவ்வழியிலேதான் 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் 'குமுதினி' என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் சென்ற பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இறந்தோரை அடக்கம் செய்த மக்கள், பின்னரும் அதே வழியாலேயே போய்வந்தனர். அவர்களுக்கு வேறு வழி ஏது?

நெடுந்தீவில் இறங்கியதும் சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகளும், புல்வெளியில் மேயும் குதிரைகளும், பருத்த பெருக்கமரமும், இடிந்த கோட்டையும் கண்ணைக் கவர்கின்றன. ஏறக்குறைய ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவைப் போர்த்துக்கேயர் பசுக்களின் தீவு என அழைத்தனர். அப்பெயருக்கு ஏற்ப இன்றும் இங்கு கால்நடைகள் மிகுதி. தீவின் செல்வமாகிய கால்நடையும் மீனும் பனம்பொருளும் விலையாக வேண்டுமாயின் அவையும் கடல் கடந்தே செல்லவேண்டும். உள்ளே வருவது கூலியால் விலையேறுகின்றது. வெளியே போவது அதே கூலியால் விலையிறங்குகின்றது. தீவார் இரு முனையிலும் இழக்கின்றனர்.

கடல் எப்பொழுதும் இப்படித் தடையாக இருந்ததில்லை. குறிகட்டுவானுக்கு எதிரேயுள்ள நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்க்குப் பாதுகாப்புக் கூறுகின்றது. யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் இருவர்க்கும் சரிபாதி என அது விதிக்கின்றது. அந்த ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. கப்பல் உடைவதற்கும் சட்டம் வகுக்க வேண்டிய அளவுக்கு அக்காலத்தில் இக்கடலிற் போக்குவரத்து மலிந்திருந்தது.

அம்மரபு நம் பாட்டனார் காலம் வரை நீண்டது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல் வழியாகவே சென்றது. 1905ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை காங்கேசன்துறையை எட்டியபின் சரக்கு மெல்ல மெல்லக் கடலை விட்டுத் தரைக்கு ஏறியது. பின்னர் லொறிகள் வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், அவற்றின்பின் நெடிய போரும் எஞ்சிய பாய்க்கப்பல் வணிகத்தையும் முடித்துவைத்தன. தரைவழி உள்ளவர்கள் கடலை மறந்தனர். தரைவழி இல்லாத தீவார் மாத்திரம் கடலோடு தனித்து விடப்பட்டனர்.

குடாநாட்டு வாசகர்களே, நமக்கும் இவ்வநுபவம் புதிதன்று. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கண்டி வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணமே ஒரு தீவாயிற்று. கப்பல் வந்ததா என்பதே ஒவ்வொரு வீட்டிலும் கேள்வியாயிருந்தது. சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற தாய்மார் கப்பலின் வரவை வைத்தே அடுப்பின் கணக்கைப் போட்டனர். வீதி திறந்ததும் நாம் அக்கணக்கை மறந்தோம். நெடுந்தீவுத் தாய்மார் அதனை இன்றும் போட்டுக்கொண்டிருக்கின்றனர்.

நன்மைகள் நிகழாமலில்லை. 'வடதாரகை'யும், 2017ஆம் ஆண்டிற் சேவைக்கு வந்த 'நெடுந்தாரகை'யும் பயணிகளுக்குத் துணையாயின. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது; இடையில் நின்று மறு ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பெருந்துறைமுகம் பற்றிய பேச்சு எங்கும் கேட்கின்றது. அது வேண்டியதே. ஆயினும் இத்திட்டங்களில் மனிதர் பயணத்துக்குக் கிடைக்கும் கவனம் மூடையின் பயணத்துக்கும் கிடைக்கவேண்டும்.

நெடுந்தீவார் வேண்டுவது பெரிதன்று. பயணிகள் படகிலே நோயாளியும் மாணவரும் மூடைகளின் நடுவே இருக்கவேண்டாத வகையில், சரக்குக்கெனத் தனிக்கலம் வேண்டும். வாகனத்தோடு ஏறி வாகனத்தோடே இறங்கும் பாதை ஊர்காவற்றுறை மக்களுக்கு நன்கு பழகியது. அதே முறையில், திறந்த கடலைத் தாங்கவல்லதும் முன்புறம் திறப்பதுமான கலமொன்று ஓடுமாயின் ஆறு தூக்குகள் இரண்டாகக் குறையும். அக்கலம் வாரத்திற் குறித்த நாட்களில் ஓடவேண்டும். மூடை ஒன்றுக்கு எவ்வளவு, ஆடு ஒன்றுக்கு எவ்வளவு எனக் கட்டணம் எழுதிய பலகை இரு துறையிலும் தொங்கவேண்டும்.

அவ்வாறாயின் புதன்கிழமை தன் கடைக்கு என்ன வரும், அதற்கு என்ன கூலி ஆகும் என்பதை நெடுந்தீவுக் கடைக்காரர் திங்கட்கிழமையே அறிந்திருப்பார். தம் ஆட்டை எந்த நாளில், என்ன விலைக்கு விற்கலாம் என்பதை வளர்ப்பவரும் அறிவார். விலையைக் காற்றின் கையில் விட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலை அன்றே பாதி தீர்ந்துவிடும்.