பார்த்ததைச் சொல்லு

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் லோக்கோ பைலட்டுகளான எங்களை மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வகுப்பு ஒன்றில் உட்காரவைத்தார்கள். பேச வந்தவர் ஒரு படம் போட்டார். ஜப்பானில் ரயில் ஓட்டுநர் விரலை நீட்டிச் சிக்னலைக் காட்டி, உரக்கப் பேசுகிறார். "மனசைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கிற கலை இது, நீங்களும் பழகலாம்" என்றார். பின்வரிசையில் சிரிப்பு. ரயில்வேயின் பொது விதி 3.83 பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். சிக்னல் கண்ணில் பட்டவுடன் லோக்கோ பைலட்டும் அசிஸ்டென்ட்டும் அதை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பால பாடம்.

நிறத்தைப் பார்ப்பதில் கஷ்டம் இல்லை. பழகிய ரோடுதான் கஷ்டம். ஸ்டேஷனுக்குள் விடும் ஹோம் சிக்னல் சிங்கிள் எல்லோ, அதாவது அடுத்ததில் நிற்கத் தயாராகு; உள்ளே போகிறோம். கிட்டே போவதற்குள், ஸ்டேஷனிலிருந்து வெளியே விடும் ஸ்டார்ட்டர் சிக்னல் ஆஃப் ஆகிவிடும், அதாவது சிவப்பு மாறி வழி கிடைத்துவிடும். நேற்றும் ஆனது, முந்தாநாளும் ஆனது. ஆகாத நாளில்தான் ஆபத்து. கண் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனசு பச்சையில் போய் நிற்கும். 110-ல் வருகிற 24 பெட்டி வண்டி நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேண்டும். சிவப்பைத் தாண்டிவிட்டால் விசாரணை, வேலைக்கே உலை.

நான் அசிஸ்டென்ட்டாக இருந்த நாட்களில் ஒரு பெரியவரோடு ஓடினேன். நீராவி இன்ஜினில் கரி அள்ளிப் போட்டு மேலே வந்தவர். ஜோலார்பேட்டை தாண்டி இரவு சரக்கு வண்டி. அவர் கையில் டீ. ஸ்டேஷனுக்கு முன்னால் எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னல் வருகிறது என்றால் கிளாஸ் கீழே போய்விடும், பேச்சு பாதியில் நின்றுவிடும். வளைவு திரும்புவதற்குள் எந்தப் பையனாவது "கிரீன்" என்று அவசரப்பட்டால், வண்டியை அடக்கிக்கொண்டே சொல்வார்: "தம்பி, பாத்ததச் சொல்லு. நெனச்சதச் சொல்லாத."

சிங்கிள் எல்லோவைக் கடந்ததும் அவரே குரல் கொடுப்பார்: "அடுத்தது செவப்பு. நிக்கப் போறேன்." ஸ்டார்ட்டர் கண்ணுக்குத் தெரியும்வரை இதே பல்லவி, கை ஏ9 பிரேக் மேல். நிற்கத் தயாரான மனசோடு போனால், பச்சை வந்தால் லாபம், சிவப்பு வந்தால் நஷ்டம் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் இப்படியே பேசுவார். ஷெட்டில் அவரைக் கிறுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. பணிக்காலம் முழுக்க அவர்மேல் ஒரு ஸ்பேட், அதாவது சிவப்பைத் தாண்டிய வழக்கு, கிடையாது.

ஆள் குறுக்கே விழுந்த இரவுகளுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. எமர்ஜென்சி போட்டாயிற்று, கார்டுக்கு வாக்கிடாக்கியில் சொல்லியாயிற்று, மறுபடி கிளம்ப வேண்டும். கை உதறும். அப்போது கேட்பார்: "என்ன வண்டி? என்ன ஸ்பீடு? அடுத்த சிக்னல் எது?" மூன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது பதிலிலும் உதறல் நிற்காது; ஆனால் கண் ரோட்டுக்கு வந்துவிடும். நானே லோக்கோ பைலட் ஆன பிறகு, அப்படிப்பட்ட ஒவ்வொரு இரவிலும் இதே மூன்று கேள்விகளை எனக்கு நானே கேட்டிருக்கிறேன். மூச்சை எண்ணச் சொன்னார் அந்த வகுப்புக்காரர். எண்ணிக்கொண்டிருந்தால் சிக்னலை யார் பார்ப்பது?

இப்போதைய பிள்ளைகள் படித்தவர்கள், இன்ஜினில் கோளாறு வந்தால் எங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் ஏறினால்தான் குரல் எழும்புகிறது. இல்லாவிட்டால் உதடு மட்டும் அசையும். விழித்திருக்கிறோமா என்று சோதிக்கும் விசிடி பட்டனைக் கை தானாகத் தட்டும், மனசு வேறெங்கோ இருக்கும். கேட்டால், "கவச் வந்துடும் சார்" என்பார்கள். வண்டியைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவி அது. வரட்டும். அது வருகிற வரைக்கும் வண்டி ஓட வேண்டாமா?

குற்றம் முழுவதையும் அவர்கள்மேல் போட எனக்கு மனமில்லை. தொடர்ந்து மூன்றாவது இரவு, விடியற்காலை மூன்று மணிக்கு, என் பெரியவரின் வித்தைகூடப் பலிக்காது. வாய் "கிரீன்" என்று சொல்லும், கண் மூடியிருக்கும். 2024-ல் தெற்கு ரயில்வே லோக்கோ பைலட்டுகள் வார ஓய்வாக 30 மணி நேரத்தோடு தினசரி ஓய்வு 16-ஐயும் சேர்த்து 46 மணி நேரம் கேட்டுப் போராடினார்கள். அதிகாரிகளிடம் நான் கேட்பதும் ஓய்வுதான்: வகுப்பு நடத்துகிற நேரத்தில் அவர்களைத் தூங்க விடுங்கள், இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து வண்டி கொடுக்காதீர்கள்.